முப்பது நாள் காவல்

எங்கள் வீட்டில் அப்போது நான்கு பேர் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். ரேஷன் கார்டில் சேராத ஐந்தாவது ஆளாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் கம்ப்யூட்டருக்குள் குடியிருந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் சற்று நேரம் உள்ளே முனகல் கேட்கும். பிறகு அவள் கணீரென்று, "யுவர் கம்ப்யூட்டர் இஸ் சேஃப்" என்பாள். சமையலறையில் அம்மா மிக்சியை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாள். கேட்ட பிறகுதான் சட்னி மறுபடி அரைபடும். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று ஒருத்தி தினமும் வாய்விட்டுச் சொல்வது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. அப்பா அப்படியெல்லாம் சொல்கிற ஆளில்லை.

அந்தக் குரல் இலவச ஆன்டிவைரஸின் குரல். அப்பா அதற்கு 'இன்ஸ்பெக்‌ஷன் அம்மா' என்று பேர் வைத்திருந்தார். அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்து பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, 'ஓகே' என்று சொல்வாராம். அந்த ஒரு வார்த்தைக்காகக் கம்பெனியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். அதே குரல் இப்போது தன் வீட்டுக்குள்ளேயே வந்து 'பாஸ்' போடுகிறது என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கம்ப்யூட்டரும் கம்பெனியிலிருந்து வந்ததுதான். ஆபீசில் பழசாகிப்போனவற்றைக் இனி உதவாது என்று கண்டம் செய்து ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். அப்பா மொபெட்டின் முன்னால் மானிட்டரை நிறுத்தி ஓட்டிக்கொண்டு வர, அத்தை பின்னால் உட்கார்ந்து சி.பி.யு.வைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா அதற்கு வெல்வெட் துணியில் உறை தைத்தாள். கால் கழுவாமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள்.

வைரஸ் என்ற ஒன்று வரும் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு வாழ்க்கையில் தெரிந்த எதிரி ஒன்றே ஒன்று, பூஞ்சை. பெட்டியில் அடைத்த ஷூ வாரக்கணக்கில் கப்பலில் போகும். நடுவில் ஈரம் சேர்ந்தால் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். திறந்து பார்த்தவன் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும், பூஞ்சையைத் தடுக்கும் ஸ்டிக்கர் ஒன்றும் வைக்காமல் அப்பாவின் செக்‌ஷனில் ஒரு பெட்டியும் மூடப்படாது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கும் என்று அவரிடம் போய்ச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரூ டிரைவரை எடுத்து சி.பி.யு.வைத் திறந்தார். கைநிறைய சிலிகா ஜெல் பொட்டலங்களை உள்ளே அடுக்கினார். உட்பக்கத்தில் நாலு ஸ்டிக்கரை ஒட்டி மூடினார். "இனிமே ஒரு வைரஸ் உள்ள வரட்டும், பாக்கலாம்" என்றார்.

வந்தது. நான்தான் கூட்டி வந்தேன். பள்ளித் தோழியின் பென் டிரைவைச் செருகிய அரைமணி நேரத்தில் ஒவ்வொரு போல்டரும் தன்னைப் போலவே ஒரு குட்டி போட்டது. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் அப்பா தன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் ஒருவரை அழைத்து வந்தார்.

ஜோலார்பேட்டைக்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தார். கம்பெனியில் எல்லோரும் அவரை 'சிஸ்டம் தம்பி' என்றார்கள், எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்தது. எனக்கு அவர் சிஸ்டம் அண்ணன். அத்தை மட்டும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் சி.பி.யு.வின் மூடியைக் கழற்றியதும் பொட்டலங்கள் பொலபொலவென்று தரையில் கொட்டின. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு சார் வெச்சது?"

"நான்தான் தம்பி" என்றார் அப்பா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இன்னா, தப்பா?"

"தப்பில்ல சார். ஈரம் இதுக்கும் ஆவாது. ஃபேன் கிட்ட மட்டும் வேணாம், அடில வெச்சிடலாம்."

சொன்னதோடு நிற்காமல் எல்லாப் பொட்டலங்களையும் பொறுக்கி, அடிப்பக்கத்தில் வரிசையாக டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. அதன்பிறகு கம்பெனியிலும் ஒருவர்கூட அப்பாவைக் கேலி செய்யவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. அன்றைக்கே தனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று அத்தை இப்போது சொல்கிறாள். அண்ணனைப் பார்த்துச் சிரிக்காத ஆள் தன்னைப் பார்த்தும் சிரிக்கமாட்டான் என்பது அவள் கட்சி.

வைரஸை ஒழித்துவிட்டு அவர் இலவச ஆன்டிவைரஸைப் போட்டுக் கொடுத்தார். இலவசம்தான், ஆனால் முப்பது நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு இன்டர்நெட் வேண்டும், எங்கள் வீட்டில் அது இல்லை, ஆகவே தானே டாங்கிளைக் கொண்டுவந்து செய்து தருவதாகச் சொன்னார். சொன்னபடியே மாதாமாதம் வந்தார்.

திரையின் ஓரத்தில் பச்சையாக ஒரு கேடயம் இருக்கும். இருபத்தைந்தாம் நாள் அது மஞ்சளாகும். கடைசி மூன்று நாள் சிவப்பாகிவிடும். இன்ஸ்பெக்‌ஷன் அம்மாவின் குரலும் மாறி, கம்ப்யூட்டருக்கு ஆபத்து, ஆபத்து என்று புலம்ப ஆரம்பிப்பாள். மஞ்சளைப் பார்த்ததுமே அம்மா காலண்டரில் நாள் எண்ணுவாள். சிவப்பைப் பார்த்ததும் அத்தை மசால் வடைக்குக் கடலைப்பருப்பு ஊறப்போடுவாள்.

அவர் வந்து புதுப்பித்துவிட்டு, வந்ததற்கு ஒரு முழு ஸ்கேன் போடுவார். அது ஒரு மணி நேரம் ஓடும். எத்தனை பைல் பார்த்தாயிற்று என்று எண் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அத்தை சற்றுத் தள்ளி உட்கார்ந்து துணி மடிப்பாள். நடுவில் நான். "ஸ்பீடு கம்மியா இருக்குதா?" என்பார் அவர். "இல்ல, ஜாஸ்தியாதான் இருக்குது" என்பாள் அத்தை. எட்டு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான். ஸ்கேன் சீக்கிரம் முடிந்தால் கேம் விளையாடலாமே என்று நான்தான் தவித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் இருவருக்கும் அவசரமே இருந்ததில்லை. மடித்த துணியை அத்தை ஏன் மறுபடி உதறி மடிக்கிறாள் என்று நான் யோசித்ததும் இல்லை.

அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. வேறொரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் வேலை. வந்த வரன்களில் சிலர் அவளை வேண்டாம் என்றார்கள், சிலரை அவள் வேண்டாம் என்றாள். இந்த முறை வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வரன். நல்ல குடும்பம், கடைத்தெருவில் சொந்தக் கடை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமையோடு எங்கள் கம்ப்யூட்டரின் முப்பது நாளும் முடிகிறது.

அத்தை அந்தச் சனிக்கிழமையைத்தான் நம்பியிருந்தாள். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றுவிடலாம். சொல்லாத வார்த்தையை வைத்துக்கொண்டு, குறையில்லாத ஒரு மாப்பிள்ளையை எப்படி வேண்டாம் என்பது? இந்த நினைப்பு தனக்கு மட்டும்தானோ என்ற பயம் வேறு. அவருடைய போன் நம்பர் அப்பாவிடம் இருந்ததே தவிர அவளிடம் இல்லை. மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் கம்ப்யூட்டருக்கு ஆபத்து வந்தால்தான்.

அந்த ஆபத்தை நான் வியாழக்கிழமையே நீக்கிவிட்டேன்.

போன முறை வந்தபோது அவர் டாங்கிளை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். பள்ளியில் நம் மாவட்டத்து ஆறுகள் என்று ஒரு பிராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடுகிற படம் வேண்டும். நேரில் போய்ப் பார்த்து வரைகிற காரியமில்லை என்பதால் இன்டர்நெட்டில் தேடவேண்டியிருந்தது. வியாழக்கிழமை பரீட்சை லீவில் படம் தேடிக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்‌ஷன் அம்மா புலம்ப ஆரம்பித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து, "ஐயோ, இன்னாடி ஆச்சி அதுக்கு?" என்று பதறினாள். எனக்கு வீரம் வந்துவிட்டது. கேடயத்தின் மேல் அமுக்கினேன். நிரப்புவதற்கு ஒரு ஃபாரம் திறந்தது. மேலே ஒரு வட்டம், முப்பது நாள். அதற்கு நேர் கீழே இன்னொரு வட்டம், ஒரு வருஷம், அதுவும் இலவசம். பேர் கேட்டது, கொடுத்தேன். ஈமெயில் கேட்டது, என் பேரையும் ரோல் நம்பரையும் சேர்த்து ஒன்றைக் கட்டினேன். அதையும் நம்பியது. கேடயம் பச்சையானது. இன்னும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று காட்டியது.

சாயங்காலம் எல்லோரும் இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது செய்தியை வெளியிட்டேன். அம்மா என் தலையைத் தடவி, "எம் பொண்ணு இஞ்சினீரு" என்றாள். அந்தப் பாராட்டோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்போது பத்து வயது, நிறுத்தத் தெரியாது.

"அந்த சிஸ்டம் அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியல நைனா. ஒரு வருஷம்னு அங்கயே பெருசா போட்டிருக்குது, ஃப்ரீயாவே. அத வுட்டுட்டு மாசாமாசம் முப்பது நாளையே அமுக்கினு இருந்திருக்காரு. பாவம், இங்கிலீஷ் படிக்கத் தெரியாது போல."

அத்தையின் கை சட்னிக் கிண்ணத்தில் அப்படியே நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அத்தனை அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்காக யாராவது இவ்வளவு சந்தோஷப்படுவார்களா? பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போல அந்த வெளிச்சம் அணைந்தது. "அப்ப சனிக்கிழமை வர மாட்டாரா?" என்றாள். "எதுக்கு வரணும்? அடுத்த வருஷம் வந்தா போதும்" என்றேன் நான் பெருமையாக. அவள் பாதி இட்லியில் எழுந்துவிட்டாள்.

ஷூவில் இடதையும் வலதையும் வைத்து, நிறமும் தோலும் ஒத்துப்போகிறதா என்று ஜோடி பார்ப்பது பேக்கிங் செக்‌ஷனில் அப்பாவின் வேலை. அன்றைக்கு அந்தப் பார்வையோடு அத்தை எழுந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அத்தை எனக்குத் தலை பின்னிவிடவில்லை. கேட்டதற்கு, "நீதான் எல்லாம் பண்ணத் தெரிஞ்சவளாச்சே, நீயே பின்னிக்க" என்றாள். வீட்டைக் காப்பாற்றிய எனக்கு இதுவா கிடைக்கும் என்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

சனிக்கிழமை மதியம் அப்பா பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அப்பா பர்மிஷன் போட்டு நான் பார்த்ததேயில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவர் நேராக வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கால்கூடக் கழுவவில்லை.

"இத எப்டி எடுக்கறது?"

"எத நைனா?"

"இந்த இன்ஸ்பெக்‌ஷன் அம்மாவ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்நூற்று அறுபத்துமூன்று நாள் பாக்கியிருக்கிறது, வைரஸ் வந்துவிடும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "வந்தா வரட்டும், எங்க அமுக்கணும், அத மட்டும் காட்டு" என்றார். நான் விரலால் காட்டிக்கொடுக்க, அவர் ஒற்றை விரலால் அமுக்கினார். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்று அமுக்கினார். அதோடு விடாமல், எங்களை விட்டு ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் திறந்தது. அப்பா என்னைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் ஸ்லோ ஆவுது."

"இல்ல."

"வேற ஆன்டிவைரஸ் வாங்கிட்டேன்."

"இல்ல."

"விளம்பரம் ஜாஸ்தியா வருது."

"பேஜார்தான். ஆனா அது இல்ல."

"வேறு காரணம்."

"அதுதான்" என்று அமுக்கினார். என்ன காரணம் என்று எழுத ஒரு கட்டம் வந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டார். பச்சைக் கேடயம் மறைந்துபோனது.

பிறகு அவர் போனை எடுத்து, "தம்பி, அது பூடுச்சிப்பா. இன்னா ஆச்சின்னே தெரில. சாயங்காலம் கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார். என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கண்ணை உருட்டினார்.

சிஸ்டம் அண்ணன் ஐந்தரைக்கு வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். கம்பெனி பஸ்ஸிலிருந்து தெருமுனையில் இறங்கிய அத்தை, வாசலில் அவருடைய பைக்கைப் பார்த்திருக்க வேண்டும். டிபன் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள். அம்மா அந்தச் செருப்பையே பார்த்தாள்.

"யாரோ எடுத்த மாதிரி இருக்குதே சார்" என்றார் சிஸ்டம் அண்ணன், திரையைப் பார்த்தபடி.

"யாரு எடுக்கப்போறா?" என்று அப்பா மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "ஏம் தம்பி, அதுல ஒரு வருஷம்னு ஒண்ணு இருக்குதாமே, ஃப்ரீயாவே?"

மவுஸில் இருந்த அவர் கை நின்றுவிட்டது. காது இரண்டும் சிவந்தன. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் திரும்பி அத்தையை நேராகப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இருக்குது சார்" என்றார். "ஒரு வருஷம் போட்டா, நான் இங்க வர முடியாதே சார்."

அத்தை டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார். இதுநாள்வரை வாங்க போங்க என்று பேசியவர், "நாளைக்கு உங்க அம்மா அப்பாவக் கூட்டினு வா" என்றார்.

அம்மா பதறிப்போய், "என்னங்க, நாளைக்கு வாலாஜாபேட்டைலர்ந்து..." என்று ஆரம்பித்தாள். "அவங்களுக்கு மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று எங்கள் தலைமையாசிரியை எப்போது சொல்வார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை உடைத்தவர்களிடம் சொல்வார், காப்பி அடித்தவர்களிடம் சொல்வார். செய்ததெல்லாம் அப்பா, மாட்டிக்கொண்டது பாவம் இவரா? பொய் சொன்ன அப்பாவைவிட, பொய்க்குத் துணை நின்ற என் மேல்தான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்று, "அவரு ஒண்ணுமே பண்ணல! நைனாதான் எடுத்தாரு! நான் வேணான்னு சொன்னேன், கேக்கல. வேறு காரணம்னு அமுக்கினாரு!" என்று கத்தியபடி ஓவென்று அழுதேன்.

அப்பா பிடிபட்ட திருடன் மாதிரி அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அத்தை, "அண்ணா" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் வந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு ஆன்டிவைரஸ் போனதற்காக இப்படியும் ஒருத்தி அழுவாளா என்று என் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

மறுநாள் ஜோலார்பேட்டையிலிருந்து அவருடைய அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். புகார் கேட்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் தட்டில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக வந்தார்கள். மகன் மேல் அவ்வளவு பாசமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்து அவருடைய அம்மாவின் கையைப் பிடித்து, "அவரு மேல தப்பே இல்ல ஆன்ட்டி, வீட்டுக்குப் போயி அடிக்காதீங்க" என்றேன். அந்த அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் சாட்சியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குற்றம் செய்த அப்பாவுக்குத்தான் முதல் லட்டைக் கொடுத்தார்கள். குற்றமே செய்யாதவரைக் காட்டி, இனிமேல் இவரை அண்ணன் என்று கூப்பிடக் கூடாது, மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார்கள். தண்டனை கொடுக்கிறதென்றால் வேறு ஏதாவது கொடுக்கட்டும், இருந்த பேரையுமா பிடுங்குவார்கள் என்று அவருக்காக எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.